நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள்

வக்கீல்களுக்கும் வகுப்பு உண்டு என்பது வெளியே பலருக்குத் தெரியாது. ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் வந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, சான்றிதழ் வாங்கிப் போனால்தான் தொழில் உரிமம் புதுப்பிக்கப்படும். ஆகவே எல்லோரும் தவறாமல் வருவார்கள். வந்ததும் கடைசி வரிசையிலிருந்து நாற்காலிகள் நிரம்பும். முன்வரிசையில் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களும், காது மந்தமானவர்களும் மட்டும் இருப்பார்கள். பின்னால் அவரவர் மடியில் அவரவர் வழக்குக் கட்டு.

அன்றைய வகுப்பு, சாட்சிகளை விசாரிப்பது பற்றி. வக்கீலம்மா வந்து உட்கார்ந்ததைப் பார்த்து முன்னால் இருந்த ஒருவர் திரும்பி, "என்னம்மா, நீங்க நடத்தவேண்டிய கிளாஸுக்கு நீங்களே ஸ்டூடண்டா?" என்றார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். வக்கீலம்மாவுக்குக் கத்தரிக்கோல் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எந்தச் சாட்சியையும் நறுக்கி இரண்டு துண்டாகப் போட்டுவிடுவார். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கத்தில் அவருடைய ஜூனியர் உட்கார்ந்து பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தான். வக்கீலம்மா மடியில் மறுநாள் பேசவேண்டிய இறுதி வாதம் இருந்தது.

வழக்கு ஒரு தனியார் மருத்துவமனையுடையது. அங்கே சிகிச்சையில் இருந்த ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கட்டிலின் பக்கக் கம்பி இறக்கப்பட்டிருந்தது. பெரியவரின் மகன் வந்து மருத்துவமனையையே இரண்டாக்கிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் வார்டில் வேலை பார்த்த உதவியாளப் பெண்ணை, கவனக்குறைவு என்று சொல்லி நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. அந்தப் பெண் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனாள். வேலை திரும்ப வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. மருத்துவமனைக்காக வக்கீலம்மா ஆஜரானார்.

போன வாரம் அவளைக் கூண்டில் ஏற்றி அவர் நடத்திய குறுக்கு விசாரணையைப் பற்றி நீதிமன்ற உணவகத்தில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கம்பியை நீங்கதான் ஏத்தி விட்டீங்க?"

"ஏத்தினேங்க."

"அவர் விழுந்தப்போ கம்பி இறங்கியிருந்துச்சு?"

"ஆமாங்க."

"இறக்கினது யாரு?"

அவள் விழித்தாள். "தெரியலைங்க."

"அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

"ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல விரிப்பு மாத்திட்டு இருந்தேங்க."

"தண்ணி எடுக்கப் போனேன்னு முன்னாடி எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

"அதுவும் போனேங்க... அது வந்து, முன்னாடி... இல்ல, அப்புறம்."

"ஜன்னல் பக்கத்துல இருந்தா இந்தக் கட்டில் தெரியும். தெரிஞ்சும் பாக்கலை. சரி, கம்பிக்கே மனசு வந்து தானா இறங்கிடுச்சுன்னு எழுதிக்கலாமா?"

நீதிமன்றம் சிரித்தது. அந்தப் பெண் புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

'தடுமாறியதே பொய்க்குச் சான்று' என்று வக்கீலம்மா இறுதி வாதத்தின் முதல் வரியை எழுதி வைத்திருந்தார். அதன் அடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மேடையிலிருந்து யாரோ தன்னைச் சுட்டுவது தெரிந்தது.

வகுப்பை நடத்தியவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மெல்லிய குரல். "பின்னாடி வழக்குக் கட்டை மடியில வச்சுத் தாலாட்டுறாங்களே, அவங்க வரட்டும். கூட பக்கத்துல இருக்கிற தம்பியும் வரட்டும்" என்றார்.

மேடையில் இரண்டு நாற்காலிகள். பயிற்சி எளிமையானது. ஒருவர் தன் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்த, சந்தேகமே இல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். மற்றவர் அதைப் பொய் போலத் தோன்றவைக்க வேண்டும்.

"நான் என் சீனியரை எப்படிங்க ஐயா..." என்று ஜூனியர் நெளிந்தான்.

"அவங்ககிட்ட என்ன கத்துக்கிட்டேன்னு காட்டு. அவங்களுக்கும் பெருமைதானே."

வக்கீலம்மா சிரித்தபடி சாட்சி நாற்காலியில் அமர்ந்தார். எதைச் சொல்வது? சந்தேகமே இல்லாதது என்று தேடியபோது மனம் நேராக அங்கே போனது. யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"போன வருஷம் எங்க அப்பா தவறினார். கடைசியா என்கிட்ட தண்ணி கேட்டார். நான் குடுத்தேன். குடிச்சார். அவ்வளவுதான்."

ஜூனியர், வகுப்பு நடத்தியவரைப் பார்த்தான். அவர் தலையை அசைத்தார்.

"எந்த நேரம் மேடம்?"

"மத்தியானம்."

"அன்னைக்கு உங்களுக்குக் கேஸ் இருந்துச்சா?"

"காலையில இருந்துச்சு. முடிச்சிட்டு ஓடினேன்."

"அறையில வேற யார் இருந்தாங்க?"

"நான் மட்டும். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாங்க."

"அப்பா எழுந்து உட்காரும் நிலையில இருந்தாரா?"

"இல்ல. தலையைத் தூக்கிப் பிடிக்கணும்."

"யார் பிடிச்சாங்க?"

"அக்கா பி..." வக்கீலம்மா நிறுத்தினார்.

முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஜூனியரின் குரலில், அவனையும் அறியாமல், ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. அது வக்கீலம்மாவுடைய குரல். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் விடுகிற அந்தச் சின்ன இடைவெளிகூட அவருடையது.

"மருந்து வாங்கப் போனவங்க எப்படித் தலையைப் பிடிப்பாங்க மேடம்?"

"வந்துட்டாங்க. அதுக்குள்ள திரும்பி வந்துட்டாங்க."

"அப்போ நீங்க மட்டும் இருந்தீங்கன்னு சொன்னது?"

"அது... முதல்ல."

"டம்ளரா, ஸ்பூனா?"

"ஸ்பூன். இல்ல, டம்ளர்தான்."

"படுத்திருக்கிறவருக்கு டம்ளர்லயா? சரி. கோர்ட்டிலேர்ந்து நீங்க வந்து சேர்ந்தப்போ அப்பா பேசிட்டு இருந்தாரா மேடம்? தண்ணி குடுத்தது உங்க அக்காவா இருந்து, அதை அவங்க உங்ககிட்ட சொல்லி, சொல்லக் கேட்டதையே நீங்க பார்த்ததா நினைச்சுட்டு இருக்கலாம் இல்லையா?"

வக்கீலம்மா கண்ணை மூடித் தேடினார். அப்பாவின் அறை கண்ணுக்குள் இருந்தது. ஜன்னல் திரை, மின்விசிறியின் சத்தம், உலர்ந்த உதடு. ஆனால் அந்த உதட்டருகே நீண்ட கை யாருடையது என்று பார்க்கப் பார்க்க அது மங்கிக்கொண்டே போனது.

"தெரியல" என்றார்.

"நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி.

கூடம் நிறைய வக்கீல்கள். மூலையில் ஒரு கை பாதி எழுந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, காதைச் சொறிவது போல இறங்கியது. பிறகு யாரும் இல்லை.

வக்கீலம்மா வரிசை வரிசையாகப் பார்த்தார். தன் அப்பாவைப் பற்றித் தான் சொன்னதை, தனக்குத் தெரிந்த இத்தனை பேரில் ஒருவர்கூட நம்பவில்லை. அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் தானும் கையைத் தூக்கியிருக்கப் போவதில்லை என்பதுதான் உறுத்தியது.

ஜூனியர் முகம் வெளிறி, "மேடம், சத்தியமா நான்... நீங்க கேக்குற மாதிரிதான் கேட்டேன்" என்றான்.

"நல்லாத்தான் கேட்டே" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு அவர் வெளியே வந்தார்.

வராந்தாவில் தேநீர்ப் பாத்திரமும் கவிழ்த்து வைத்த கோப்பைகளும் இருந்தன. அவர் சுவரோரம் நின்று அக்காவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"என்னடி இந்த நேரத்துல? கோர்ட் இல்லையா?"

"அக்கா, அப்பாவுக்குக் கடைசியா தண்ணி குடுத்தது யாரு?"

அந்தப் பக்கம் அமைதி. நீண்ட அமைதி இல்லை, ஒரு மூச்சு விடும் நேரம். ஆனால் இப்படிப்பட்ட அமைதிகளை வைத்தே பிழைப்பு நடத்தியவர் வக்கீலம்மா.

"நீதான்டி" என்றாள் அக்கா. "உன் கையாலதான் குடிச்சார். ஏன் கேக்குற?"

அடுத்த கேள்வி அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினார்.

"சும்மாதான்க்கா. சாப்பிட்டியா?"

"இப்பதான். நீ ஒழுங்கா சாப்பிடு, காத்தைக் குடிச்சிட்டு வாதாடாதே."

போனை வைத்த பிறகும் வக்கீலம்மா அங்கேயே நின்றார். அந்த ஒரு மூச்சில் அக்கா தனக்குக் கொடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையான நினைவைத் திருப்பிக் கொடுத்தாளா, தண்ணீர் கொடுத்த தன் நினைவையே விட்டுக்கொடுத்தாளா? எதுவாக இருந்தாலும் அதைக் கூண்டில் ஏற்ற அவருக்கு மனமில்லை. இறைவன் மனிதர்களுக்கு அன்பைச் சில சமயம் இப்படி மூச்சளவு நேரத்தில்தான் கொடுக்கிறான்.

வகுப்பு முடிந்ததும் நேராக மருத்துவமனைக்குப் போனார். நிர்வாக மேலாளர் மேசையில் வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டையும், பாதி குடித்த மோரும் இருந்தன. நல்ல மனிதர். நாள் முழுக்க யாராவது அவர்மேல் கத்திக்கொண்டே இருப்பார்கள்.

"நாளைக்கு முடிச்சிடுவீங்கல்ல மேடம்?"

"வாதாடினா ஜெயிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணை ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்கணும்."

"கேட்டாச்சே! நீங்கதானே வெளுத்து வாங்கினீங்க?"

"நான் எதையும் கேக்கலை சார். என் பதிலைத்தான் அவ வாயால வாங்கினேன். என்ன நடந்துச்சுன்னு யாரும் அவகிட்ட கேக்கவே இல்லை. விசாரணை நடத்தின உங்க அதிகாரி கேக்கலை, அவ வக்கீல் கேக்கலை, நானும் கேக்கலை."

மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "காலையில கிளாஸுக்குத்தானே போனீங்க? இல்ல, ஏதாவது பிரசங்கத்துக்கா?"

வக்கீலம்மா சிரித்துவிட்டார். பிறகு, மேடையில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மேலாளர் மாத்திரையைப் பிரித்தவர் வாயில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"நீங்களே தடுமாறினீங்களா?" என்று கேட்டார் கடைசியில், நம்பாமல்.

"எழுந்து போக முடியாத அளவுக்கு. சார், அவ தடுமாறினான்னு சொல்லி நாளைக்கு நான் எழுந்து நின்னா, எனக்கே வாய் வராது. உங்க சம்மதம் இல்லாம அந்த வாதத்தை நான் விட முடியாது. அதனாலதான் வந்தேன். பேசிப் பாக்கலாம். சரிப்படலைன்னா வேற வக்கீலை வச்சுக்குங்க, வழக்குக் கட்டை இன்னைக்கே தந்துடறேன்."

மேலாளர் மாத்திரையை வாயில் போட்டு மிச்ச மோரைக் குடித்தார். "பத்து நிமிஷம்" என்றார். "அதுக்கு மேல இல்ல."

மறுநாள் வழக்கு அழைக்கப்படுவதற்கு முன், நீதிமன்றத்தில் சமரசப் பேச்சுக்கென்று இருந்த சிறிய அறையில் கூடினார்கள். ஒரு நீள மேசை, சில நாற்காலிகள், அவற்றில் ஒன்று ஆடும். அந்தப் பெண் தன் வக்கீலுடன் வந்தாள். அவருக்கு எப்போதும் ஜலதோஷம். தும்மல் வக்கீல் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வந்ததும் தும்மினார்.

"என்ன மேடம், மிச்சம் மீதி ஏதாவது நறுக்க வேண்டியிருக்கா?" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அந்தப் பெண் உட்காரவில்லை. "என்னை வெங்காயம் மாதிரி உரிச்சீங்களே, அது பத்தலையாம்மா?"

"பத்தும்" என்றார் வக்கீலம்மா. "உட்காருங்க. இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். நடுவுல யாரும் பேச மாட்டோம். அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவள் மேலாளரைப் பார்த்தாள். மேசைமேல் அவர் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள்.

"எழுதுவீங்களா?"

மேலாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

அவள் உட்கார்ந்தாள். ஆடும் நாற்காலி அவளுக்கு வாய்த்தது. அதை நகர்த்தி நிலைப்படுத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"கம்பியை நான் ஏத்தினேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் வாந்தி எடுத்துட்டார், விரிப்பு மாத்திட்டு இருந்தேன். பெரியவரோட வீட்டம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. அவர் முகத்தைத் தொடைக்க எட்டலை. அவங்களே கம்பியை இறக்கிட்டுத் தொடைச்சாங்க. நான் பார்த்தேன். இதை முடிச்சிட்டுப் போய் ஏத்திடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அந்தம்மா தண்ணி தீந்துபோச்சுன்னு பாட்டிலைத் தூக்கிட்டு வெளிய போனாங்க. அவர் திரும்பிப் படுத்தார். விழுந்துட்டார்."

தும்மல் வக்கீல் தும்மலையும் மறந்து அவளைப் பார்த்தார். "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லலை? நான் உன் வக்கீல்மா!"

"சொன்னா நீங்க கோர்ட்ல சொல்லிடுவீங்களே."

"அதுக்குத்தானே என்னை வச்சிருக்கே!"

"சார், அந்தம்மாவுக்கு அது ஞாபகமே இல்ல. எத்தனையோ ராத்திரி தூங்காம இருந்தாங்க. ஓடி வந்தவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'யாரும்மா கம்பியை இறக்கினது, யாரும்மா'ன்னு என்கிட்டயே கேட்டாங்க. நடிக்கலை, நிஜமாவே தெரியலை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரை விட்டுப் பிரிஞ்சதே இல்லையாம். அவர் முகத்தைத் தொடைக்கத்தான் இறக்கினாங்க. 'நீங்கதான்மா'ன்னு எப்படிங்க சொல்றது? 'தெரியலைம்மா'ன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொல்லிட்டதால, அப்புறம் எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்ல வேண்டியதாப் போச்சு. தண்ணி எடுக்கப் போனேன்னு எழுதிக் குடுத்ததும் அதுக்குத்தான்."

நேற்றிலிருந்து வக்கீலம்மா தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது, இவள் உண்மை பேசித் தடுமாறியிருப்பாள் என்பது. அதுவும் தவறு. இவள் பொய்தான் சொன்னாள். நீதிமன்றத்தில், அவர் கண்ணெதிரே, அவர் கண்டுபிடித்தபடியே பொய் சொன்னாள். அந்தப் பொய்க்குள் இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று இத்தனை ஆண்டுத் தொழிலில் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"வேலை போயிடுச்சே" என்றார் மேலாளர். "வேலையே போன பிறகும் சொல்லலையா?"

"வேலை வேணும்னுதான் சார் கேஸே போட்டேன்" என்றாள் அவள் கொஞ்சம் சூடாக. "நான் ஒண்ணும் சாமியாரம்மா இல்ல. வீட்டுக்காரர் தினமும் 'வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்'னு திட்டுறார். நான் கம்பியை ஏத்தவே இல்லைன்னு எழுதினீங்களே, அதுதான் எனக்குத் தாங்கலை. திரும்பிப் பாக்காம விட்டது என் தப்புத்தான். அதுக்குத் திட்டுங்க. ஆனா நான் ஏத்தினேன்."

"இப்ப மட்டும் ஏன் சொன்னீங்க?" என்றார் வக்கீலம்மா. ஒரே கேள்வி என்று சொல்லியிருந்தது அவருக்கே மறந்துவிட்டது.

"கேட்டீங்களே" என்றாள் அவள். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினாள். "அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார். அவங்க பையன்கிட்டயும். அவர் கோபக்காரர், அம்மாவைக் கேட்டுடுவார். அப்படிச் சொல்லித்தான் வேலை தருவீங்கன்னா, எனக்கு வேண்டாம். கேஸைத் தோத்துட்டுப் போறேன்."

மேலாளர் எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்தார். வக்கீலம்மாவைப் பார்த்தார். "மேடம், காரணம் சொல்லாம ஒருத்தரை வேலையில திரும்பச் சேர்த்துக்க முடியுமா? பையன் வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"முடியும். இரண்டு தரப்பும் பேசி ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதினாப் போதும். காரணத்தை எழுதணும்னு நீதிபதிகூடக் கட்டாயப்படுத்த மாட்டார். பையன் வந்தா என்கிட்ட அனுப்புங்க. ஆஸ்பத்திரி ஒரு தப்பைத் திருத்திக்கிச்சுன்னு நான் சொல்றேன். அது உண்மைதானே."

"எந்தத் தப்பு?"

"பார்வையாளர் எழுந்து போனதும் கட்டிலை ஒரு தடவை வந்து பாக்கணும்னு உங்க வார்டுல விதி இருக்கா?"

மேலாளர் யோசித்தார். "இல்ல."

"இனிமே இருக்கட்டும்."

தும்மல் வக்கீல் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். நடுநடுவே தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் அந்தப் பெண், "மஞ்சள் போட்டுப் பால் குடிங்க சார்" என்றாள். பணித் தொடர்ச்சி, பழைய வார்டு, நீக்க உத்தரவு ரத்து. அவ்வளவுதான் எழுதினார்கள். கம்பி என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை.

வழக்கு அழைக்கப்பட்டபோது நீதிபதி தாளைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வக்கீலம்மாவைப் பார்த்தார். "இன்னைக்கு உங்க வாதத்தைக் கேக்கணும்னு தயாரா வந்தேன். சமரசமா? நீங்களா?"

"நாங்கதான், ஐயா."

"வழக்கு உங்களுக்குச் சாதகமாத்தானே இருந்துச்சு?"

வக்கீலம்மா தலைகுனிந்து நின்றார். தும்மல் வக்கீல் மூக்கைத் துடைத்தார். நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், இதெல்லாம் அவளுக்குச் சம்மதமா, படித்துப் பார்த்தாளா என்று கேட்டார்.

"சம்மதங்க" என்றாள் அவள். தடுமாறவில்லை.

வெளியே படிக்கட்டில் மேலாளர் அவளுக்காகக் காத்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "திங்கட்கிழமை வந்துடறீங்களா?" என்றார்.

"ஏன் சார், நாளைக்கு வார்டுல ஆள் இருக்காங்களா?"

அவர் விழித்தார். "இல்ல. ஆள் கம்மிதான்."

"அப்போ நாளைக்கே வரேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.